பூசைக்குப் போய்வந்த என் ஹாண்ட்பாக்

சுத்தம் செய்யக் கொடுத்த உங்கள் ஹாண்ட்பாக்கை, வாங்கி வைத்த பெண்ணே தோளில் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைச் சேர்ச் பூசைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டால் என்ன செய்வீர்கள்?

ஆறுதலாக விசாரிப்பேன் என்கிறீர்களா? நல்லது. அப்படியானால் இந்தப் பத்தியை நீங்கள் எழுதியிருக்க வேண்டும், நான் வாசித்திருக்க வேண்டும்.

என் குணம் வாராவாரம் வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். கரண்ட் மீற்றர் பார்க்க வருகிறவருக்குப் பின்னால் நின்று நானும் எட்டிப் பார்ப்பேன். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், மீனின் கண்ணைப் பார்ப்பேன், கடைசியில் விற்கிறவரின் கண்ணையும் பார்ப்பேன். "நீர் பொலிசிலை சேர்ந்திருக்க வேணும், அநியாயமா வீட்டிலை இருக்கிறீர்" என்பார் என் கணவர். அவர் வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். பிள்ளைகள் சொல்லும் பொய்யையெல்லாம் நம்பிக்கொண்டு வீட்டுக்கு வருகிற மனிதர்.

கதை ஒரு ரெலிபோனில்தான் தொடங்கியது.

கனடாவிலிருந்து என் மச்சாள் எடுத்தார். கணவரின் தங்கை. அடுத்த மாதம் வருகிறாராம், நயினாதீவு அம்மனுக்கு ஏதோ நேர்த்திக்கடனாம். எல்லாம் கதைத்து முடித்து, வைக்கப் போகிற நேரத்தில் ஒரு கேள்வி கேட்டார்.

"அது சரி மச்சாள், நான் அனுப்பின லெதர் பாக் பாவிக்கிறீரோ?"

"ஓம் ஓம்! நெடுக அதோடைதான். இப்பவும் தோளிலைதான் கிடக்கு!"

இரவுச் சட்டையோடு நின்ற என் தோளில் ஒரு துவாய் மட்டுமே கிடந்தது.

ஏன் பொய் சொன்னேன்? காரணம் இருக்கிறது. இந்தப் பாக்கை அனுப்புவதற்கு முன்பு ஒருமுறை வந்தபோது, தான் அனுப்பிய கம்பளிப் போர்வை பிரிக்காத பையோடு அலுமாரிக்கு மேலே இருந்ததை அவர் கண்டுவிட்டார். ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டார், கும்பிட்டார், திரும்பிப் போனார். அதன்பிறகு இரண்டு வருஷம் அண்ணனுக்குக்கூடப் போன் எடுக்கவில்லை. என் கணவர் வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போனை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

போனை வைத்த கையோடு அலுமாரியைத் திறந்தேன்.

நம் தீவுப்பக்க வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கும், மறைக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து நல்ல பொருள் ஒன்று வந்தால் அதைப் பாவிக்கக் கூடாது. பாவித்தால் பழுதாகிவிடும்! அது வந்த பொலித்தீனிலேயே திரும்பச் சுற்றி, வாயை இறுக்கிக் கட்டி, பூச்சிக்கு வைக்கிற வெள்ளை உருண்டை நாலு போட்டு, அலுமாரியின் அடித்தட்டில் வைக்க வேண்டும். உருக்குலையாமல் இருக்க வயிற்றுக்குள் பழைய பேப்பர் அடைக்க வேண்டும். நான் இன்னும் ஒருபடி மேலே போய், தோல் காயக் கூடாதென்று அடிப்பக்கத்தில் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் பூசி வைத்திருந்தேன். தலைக்கு நல்லதென்றால் தோலுக்கும் நல்லதுதானே?

பொலித்தீனை அவிழ்த்தேன். மண்ணிறப் பாக் முழுவதும் வெள்ளையாகப் பூத்திருந்தது. அடியில் ஒரு பெரிய கறுத்த திட்டு. மணத்தைப் பற்றி எழுதினால் பேப்பரை மூடிவிடுவீர்கள். உள்ளே இளம்பழுப்புத் துணியில் கறுப்புக் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்... எழுத்துகள். வலம் இடமாகப் பதிந்த பேப்பர் எழுத்துகள். அடைத்திருந்த பேப்பரை இழுத்து விரித்தால் அது என்னுடைய பத்தி! புழுக்கத்தில் மை கசிந்து துணியில் அப்படியே இறங்கியிருந்தது. அந்த வாரம் நான் எழுதியிருந்தது என்ன தெரியுமா? வீட்டுப் பொருட்களைப் பேணுவது எப்படி.

சிரிக்காதீர்கள்.

அல்லைப்பிட்டியில் ஒரு பெண் பாக் சுத்தம் செய்து கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். றெஜினா என்று வைத்துக்கொள்வோம். அது அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. ஏன் மாற்றினேன் என்பது போகப்போகத் தெரியும். லெபனானில் ஒரு பணக்கார வீட்டில் எட்டு வருஷம் வேலை செய்தவள். அந்த வீட்டு அம்மாவுக்கு நாற்பது ஹாண்ட்பாக்காம். அவற்றைத் துடைத்து, பூசி, காற்றாட வைப்பதுதான் இவளுக்குப் பாதி வேலை. ஊருக்கு வந்தபிறகு அதையே தொழிலாக்கிவிட்டாள். புருசன் கடலுக்குப் போகிறவர். கடல் கொந்தளிக்கிற மாதங்களில் வீட்டில் அடுப்பெரிவது இந்தப் பாக்குகளால்தான்.

வெளிநாட்டுக்காரர் லீவில் வரும் காலம் அவளுக்குச் சீசன். ஏனென்று சொல்லவும் வேண்டுமா? அனுப்பினவர் வருகிறார் என்றதும் தீவெல்லாம் அலுமாரி திறக்கும். திறந்தவுடன் நெஞ்சு பகீரென்னும். நேரே அல்லைப்பிட்டிக்கு ஓட வேண்டியதுதான்.

நான் போனபோது அவள் வீட்டு விறாந்தையில் கயிறு கட்டிப் பதினைந்து பதினாறு பாக் தொங்கின. துணிப் பாக்குகள் முற்றத்து வெயிலில், தோல் பாக்குகள் நிழலில். மஞ்சள் கறை பிடித்த வெள்ளைத் துணிப் பாக் ஒன்றை வெயிலில் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மஞ்சளுக்கு வெயில்தான் அக்கா மருந்து. தோலை மட்டும் வெயிலிலை வைச்சிடாதேங்கோ, வெடிச்சுப் போம்" என்றாள். நான் முதல்நாள் முழுக்க வெயிலில் வைத்திருந்ததைச் சொல்லவில்லை.

என் பாக்கை வாங்கி, மூக்கில் வைத்து மணந்தாள். அடியைத் தடவினாள்.

"தேங்காயெண்ணெய்?"

"நான் பூசேல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். இன்னொரு தடவை கேட்கவில்லை.

"பூஞ்சணம் போகும். எண்ணெயையும் எடுக்கலாம். உள்ளுக்கை இந்தப் பேப்பர் மைதான் அக்கா கஷ்டம். பாப்பம். ரெண்டு கிழமை வேணும்."

ரெண்டு கிழமையா? ஒரு பாக்குக்கா? என் மூளையில் சிவப்பு விளக்கு முதலில் எரிந்தது அப்போதுதான். துடைத்துப் பூச ஒரு நாள் காணாதா? மிச்ச நாளெல்லாம் பாக் எங்கே இருக்கும்? அதே நிறத்தில் மலிவான ஒன்றை மாற்றித் தந்தால்? புறப்படுமுன், அவள் பார்க்காத நேரம் சிப்பின் பல்லில் நகத்தால் ஒரு கீறல் போட்டுவிட்டு வந்தேன். அடையாளத்துக்கு.

இரண்டாவது ஞாயிறு. யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டு மோட்டார்சைக்கிளில் வந்த என் கணவர், ஹெல்மெற்றைக் கழற்றியபடி சாதாரணமாகச் சொன்னார்.

"அல்லைப்பிட்டிச் சேர்ச்சடியிலை அந்தப் பிள்ளையைக் கண்டனான். பூசை முடிஞ்சு வருது. உம்மடை பாக் மாதிரியே ஒண்டு தோளிலை. நல்ல வடிவாயிருந்தது."

நல்ல வடிவாயிருந்ததாம்!

அன்று பகல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வருஷமாக நான் ஒரு நாள்கூடப் போடாத பாக்! ஒரு கலியாணத்துக்கு? இல்லை. ஒரு திருவிழாவுக்கு? இல்லை. அதை அவள் போடுகிறாள்... எல்லார் முன்னாலும்... கூசாமல்!

செவ்வாய்க்கிழமை போய் நின்றேன். பாக் பளபளவென்று இருந்தது. பூஞ்சணம் இல்லை, திட்டு இல்லை, மணம் இல்லை. என் நகக் கீறல் இருந்தது. ஆக, மாற்றவில்லை. எனக்கு அதுவே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? ஆனால் கைபிடி இளகியிருந்தது. தோள்வார் வளைந்து கொடுத்தது. அதில் ஒரு ஆளின் பழக்கம் தெரிந்தது.

"இனி இதைக் கட்டி வையாதேங்கோ அக்கா. தோளிலை போட்டுக்கொண்டு திரியுங்கோ. நான் ஏன் சொல்லுறன் எண்டால்—"

நீ திரிந்தது போதாதா என்று வாய்வரைக்கும் வந்தது. "எனக்குத் தெரியும்" என்றேன். முகத்தைப் பார்க்காமல் கூலியைக் கொடுத்துவிட்டு, வந்துகொண்டிருந்த மினிபஸ்ஸுக்குக் கையைக் காட்டினேன்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது புவனேஸ் அக்காவுக்குப் பக்கத்தில். எங்கள் சரவணையில் எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவர். நல்ல மனம், பெரிய குரல். உட்கார்ந்ததும் பாக்கைத் திறந்து துழாவத் தொடங்கினேன். உள்பக்கச் சிறு பையில் விரலில் தட்டுப்பட்டது ஒரு பஸ் டிக்கெட். அல்லைப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணம். சனிக்கிழமைத் திகதி.

சனிக்கிழமை ரவுணுக்கு! ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு! வேறு என்ன சாட்சி வேண்டும்?

அங்கே தேடுவதை நிறுத்தினேன். சந்தேகப் பிறவிகளான எங்களுக்கு உள்ள பெரிய குறை இதுதான். தேடினது கையில் அகப்பட்டவுடன் தேடுவதை விட்டுவிடுவோம்.

"என்ன டிக்கெட் அது?" என்றார் புவனேஸ் அக்கா.

சொன்னேன். முழுவதும் சொன்னேன். மினிபஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்ததால் உரக்கவே சொன்னேன். முன் இருக்கை திரும்பியது. பின் இருக்கை குனிந்தது. கேட்க ஆளிருந்தால் எனக்குக் கதை ஊறும், இது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த உஷாரில் கடைசியாக ஒன்றைச் சேர்த்தேன்.

"லெபனானிலை வேலை செய்த வீட்டிலையும் உப்பிடித்தான் பழகியிருப்பா. ஆர் கண்டது?"

யாரும் என்னிடம் லெபனான் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு அதுபற்றி ஒன்றும் தெரியாது. வாயில் வந்தது, விட்டேன்.

டிக்கெட்டை எறியவில்லை. சாட்சியல்லவா? அதே சிறு பையில் பத்திரமாக வைத்தேன்.

மச்சாள் வந்தார். தேத்தண்ணி ஊற்ற நான் குசினிக்குள் போன நேரம் முன்னறையில் சிப் இழுக்கும் சத்தம். எனக்கு மட்டும்தான் இந்தக் குணம் என்று நினைத்திருந்தேன். இல்லை, கல்யாணம் செய்து வந்த இடத்திலும் தாராளமாக இருக்கிறது. எட்டிப் பார்த்தேன். கதிரையில் கிடந்த பாக்கைத் தூக்கி வைத்து, கைபிடியை வளைத்துப் பார்க்கிறார். மூலையைத் தடவுகிறார். சிறு பைக்குள் இரண்டு விரலை விடுகிறார்...

டிக்கெட்!

என் கையில் சுடுதண்ணி ஊற்றுப்பட்டது.

அவர் அதைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"போன கிழமைகூட ரவுணுக்குக் கொண்டுபோயிருக்கிறீர் என்ன? நான் நம்பேல்லை மச்சாள். போனிலை சும்மா சொல்லுறீர் எண்டு நினைச்சனான். குளிருக்கை ரெண்டு ஷிப்ட் நிண்டு வாங்கினது. ஆராவது உண்மையாப் போட்டுத் திரியினம் எண்டால் எவ்வளவு சந்தோசம் தெரியுமே?"

திகதியைப் பார்த்தவர் புறப்பட்ட இடத்தை வாசிக்கவில்லை. நானாக இருந்தால் வாசித்திருப்பேன்.

நான் தேத்தண்ணியை எடுத்து நீட்டினேன். அன்று பின்னேரம் அண்ணனும் தங்கையும் முற்றத்தில் கதிரை போட்டு, சின்ன வயதுக் கதைகள் சொல்லி, கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்கள். அதைக் கெடுக்க எனக்கென்ன விசரா?

வெள்ளிக்கிழமை விடிய நயினாதீவுக்குப் புறப்பட ஆயத்தம். கற்பூரம், அருச்சனைச் சாமான் எல்லாவற்றையும் அந்தப் பாக்கிலேயே அடுக்கினேன். இப்போதுதான் அது நான் நெடுகப் பாவிக்கிற பாக் ஆயிற்றே! அடியில் போட்டிருக்கும் மட்டை கொஞ்சம் உயர்ந்திருந்தது. தூக்கினேன். கீழே நாலாக மடித்த கொப்பித்தாள் ஒன்று. றெஜினாவின் கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்துப்போல உருண்டையாக இருந்தது.

'திங்கள் — முற்றத்தில் வைத்துப் பூஞ்சணம் தட்டினது. செவ்வாய் — வினாகிரித் தண்ணி, மெல்லிசாக. நிழலில் காய விட்டது. புதன், வியாழன் — எண்ணெய்த் திட்டுக்குக் கோன்பிளவர் மா, இரண்டு தரம். உள்துணி — பேப்பர் மை. மூன்று தரம் முயற்சி செய்தேன். முழுக்கப் போகவில்லை, மன்னிக்கவும். அடுத்த கிழமை — நிறமில்லாத சப்பாத்துக் கிறீம் பூசினது. பூசின பிறகு சும்மா தொங்கவிட்டால் திரும்பவும் பூக்கும். காற்றும் கையும் பட்டால்தான் தோல் இளகும். அதனால் சனி ரவுணுக்கும் ஞாயிறு பூசைக்கும் கொண்டு போனேன். எல்லாத் தோல் பாக்கையும் இப்படிச் செய்துதான் கொடுக்கிறேன். அனுப்பினவர்கள் வந்து பார்த்தாலும் மனம் நோகாது.'

இன்னொரு தடவை வாசித்தேன்.

அடுத்தவர் பாக்கைப் போட்டு மினுக்குகிறாள் என்று நான் பஸ் முழுக்கக் கதைத்திருந்தேன். அவள் எங்கள் அலுமாரிகளின் பாவத்தைத் தோளில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். மச்சாளின் கண்ணில் வந்த அந்தத் தண்ணிக்குக்கூட அவள்தான் காரணம். நானோ... லெபனான்!

"என்ன மச்சாள், வெளிக்கிடேல்லையே?" என்று வெளியிலிருந்து குரல்.

தாளை மடித்து அதே இடத்தில் வைத்தேன். மச்சாள் திரும்பிப் போனபிறகு போய்ச் சொல்லலாம், றெஜினாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்கலாம் என்று முடிவெடுத்தேன். யாருக்கும் நோகாத முடிவு. முக்கியமாக, எனக்கு.

குறிகாட்டுவானில் படகுக்குள் இறங்கி உட்கார்ந்தோம். நிறைந்த கூட்டம். செம்மஞ்சள் பாதுகாப்பு அங்கியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே அதே அங்கியில் புவனேஸ் அக்கா.

எஞ்சின் இரைந்தது. அதையும் மீறி அவருடைய குரல் வந்தது.

"இதுதானே அந்த பாக்? அல்லைப்பிட்டிக்காரி போட்டுக்கொண்டு திரிஞ்சது? நீங்கள் சொன்னது நல்லதாப் போச்சு! நான் மருமகளின்ரை ரெண்டையும் போய்த் திருப்பி எடுத்திட்டன். எங்கடை பக்கத்துச் சனம் எல்லாம் எடுத்திட்டுதுகள். வேலணையிலையும் எடுக்கினமாம். லெபனானிலையும் களவெடுத்ததாலைதான் அனுப்பிவிட்டவையாமே?"

அனுப்பிவிட்டார்களாம்! நான் சொன்னது 'ஆர் கண்டது' என்பது மட்டும். பத்து நாளில் அது வளர்ந்து, களவெடுத்து, பிடிபட்டு, நாடும் திரும்பிவிட்டது.

மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆர் போட்டுக்கொண்டு திரிஞ்சது? உம்மடை பாக்கையோ?"

இந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது. 'பிறகு சொல்லுறன்' என்று தலையாட்டி விடலாம். படகு போய்ச் சேரும், அம்மனும் ஒன்றும் கேட்கமாட்டாள். ஆனால் விறாந்தைக் கயிறு கண்ணுக்குள் வந்தது. அதில் இப்போது எத்தனை தொங்கும்?

மன்னிப்பை யாராவது கத்திக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன். எஞ்சின் சத்தத்தில் வேறு வழியில்லை.

"புவனேஸ் அக்கா! நான் சொன்னது பிழை! அந்தப் பிள்ளை களவெடுக்கேல்லை! லெபனான் கதை நான் வாயிலை வந்தபடி சொன்னது! பூசின தோல் இளகிறதுக்காகத்தான் கொண்டு திரிஞ்சவ. எழுதியும் வைச்சிருக்கிறா, நான்தான் பாக்கேல்லை!"

புவனேஸ் அக்கா வாயைத் திறந்தபடி இருந்தார். இனி மிச்சம் பக்கத்தில் இருப்பவருக்கு. அதற்கும் கத்தத்தான் வேண்டியிருந்தது.

"மச்சாள், நான் அதை ஒரு நாளும் போடேல்லை! மூண்டு வருஷமும் பொலித்தீனிலை கட்டி வைச்சிருந்தனான். பூஞ்சணம் பிடிச்சிட்டுது. அந்த டிக்கெட் அவவின்ரை!"

மச்சாள் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தார். இறங்குதுறை வரைக்கும் பேசவில்லை. கோயிலில் பேசவில்லை. அன்னதானத்தில் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார், ஆனால் எனக்குப் பாயாசம் வேண்டுமா என்பதைக்கூட என்னைத் தாண்டி அங்காலே இருந்தவரிடம் கேட்டார். இன்னொரு இரண்டு வருஷம் என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டேன். அண்ணனின் போன், மேசை, ஞாயிற்றுக்கிழமை... எல்லாம் என்னால்.

திரும்பி வரும் படகில், நடுக்கடலில், முதல் வார்த்தை.

"நான் அனுப்பின பொலித்தீனிலையே கட்டி வைச்சிருந்தனீரோ?"

"ஓம்."

"மூண்டு வருஷமும்?"

"ஓம் மச்சாள்."

குற்றவாளிதான் நான், ஆனால் குணம் எங்கே போகும்? திடீரென்று எனக்கொரு சந்தேகம். போன வருஷம் நான் ஆள் மூலம் இவருக்கு ஒரு பனையோலை ஹாண்ட்பாக் கொடுத்து அனுப்பியிருந்தேன். சாயமிட்ட ஓலை, கைவேலை. நானே நின்று பின்னுவித்தது.

"மச்சாள்... நான் அனுப்பின ஓலைப் பாக்?"

"அது நல்ல வடிவு."

"எங்கை கிடக்கு?"

அவர் அங்கியின் நாடாவை இழுத்துச் சரிசெய்தார். "வீட்டிலை. மேல்தட்டிலை."

"எப்பிடி?"

"...சுத்தித்தான் வைச்சிருக்கிறன். பழுதாப் போகுமெண்டு."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. புவனேஸ் அக்கா எதிரிலிருந்து எங்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

அடுத்த நாள் காலை இருவருமாக அல்லைப்பிட்டிக்குப் போனோம். விறாந்தையில் அதே கயிறு. இரண்டு பாக் தொங்கின. ஒன்று அவளுடைய சொந்தத் துணிப் பை.

றெஜினா கதிரை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு பிரஷ்ஷில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பாக்கைப் போட்டுக்கொண்டு திரிஞ்சன் எண்டது பரவாயில்லை அக்கா. அது உண்மை. கேட்டுப்போட்டுக் கொண்டுபோயிருக்க வேணும், அது என்ரை பிழை. லெபனான் கதை எப்பிடி உங்கடை வாயிலை வந்தது?"

பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"எட்டு வருஷம். நாப்பது பாக் என்ரை கையிலை. ஒரு நாள், ஒண்டைக்கூட என்ரை தோளிலை போட்டுப் பாத்ததில்லை. அந்த அம்மாவும் போடமாட்டா. எல்லாம் கண்ணாடி அலுமாரிக்குள்ளையே காஞ்சு வெடிச்சுப் போச்சுது. அதைப் பாத்துத்தான் படிச்சனான், தோல் ஆரின்ரையாவது தோளிலை கிடக்க வேணும் எண்டு. நான் படிச்சதைக் களவெண்டு சொல்லிப்போட்டியள்."

அழுகை வந்தது. அடக்கவில்லை, அழுதேன். மச்சாள் என் முதுகைத் தடவினார். றெஜினா அழவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை அவளுக்கு இல்லை.

"படகிலை சொல்லிப்போட்டன் றெஜினா. எல்லாருக்கும் கேட்டது."

"படகிலை சொன்னியள். சரி. பஸ்ஸிலை சொன்னதுக்கு?"

"அண்டைக்கு பஸ்ஸிலை வந்த சனம் ஆரெண்டு எனக்கென்ன தெரியும்?"

"பேப்பரிலை எழுதுறனீங்கள்தானே? எழுதுங்கோ. என்ரை பேரைப் போடாதேங்கோ, போட்டால் பேரும் களவும்தான் சனத்துக்கு ஞாபகம் நிக்கும். நீங்கள் செய்ததை எழுதுங்கோ."

ஆகவே எழுதுகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து வேலணைப் பக்கம் வந்த மினிபஸ்ஸில் எனக்கு முன்னும் பின்னும் இருந்தவர்களே, நீல நிறச் சட்டை போட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தவரே, மடியில் முருங்கைக்காய்க் கட்டோடு இருந்த அம்மா... நான் சொன்னது பொய். அந்தப் பெண் எதையும் களவெடுக்கவில்லை, எங்கும் எடுக்கவில்லை. களவு என்று ஒன்று நடந்ததென்றால் அதைச் செய்தது நான். உங்கள் பாக்குகளைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள். மச்சாளும் தன் கைப்பையை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வந்தார், பழுது ஒன்றும் இல்லாமலே.

அன்று அவள் எழுதச் சொன்னபோது உடனே சம்மதித்தேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் நழுவத்தான் பார்த்தேன்.

"பேப்பரிலை எழுதி என்ன செய்யிறது றெஜினா? காலமை வாசிப்பினம், பின்னேரம் அதிலை வடை சுத்துவினம். ஆர் ஞாபகம் வைச்சிருக்கப் போயினம்?"

அவள் என் தோளிலிருந்த பாக்கை எடுத்து, சிப்பை இழுத்து, உள்துணியை வெளியே புரட்டிக் காட்டினாள். மங்கலாக, வலம் இடமாக, என் எழுத்துகள் அங்கேயே இருந்தன.

"உது போகேல்லை அக்கா. மூண்டு தரம் தேய்ச்சுப் பாத்தனான்."